உடனே பதில் அனுப்புகிற ஆணுக்கு மதிப்பில்லையா?

ஜூன் 9, 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

எனக்கு 27 வயது. குலசேகரம் பக்கத்து ஊர். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. டேட்டிங் ஆப் வழியாக அறிமுகமான ஒரு பெண்ணுடன் நான்கு மாதம் பழகினேன். அவள் செய்தி அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டுவிடுவேன். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவதை நிறுத்தினேன். எப்போது கூப்பிட்டாலும் கிளம்பினேன். இப்போது விலகிவிட்டாள். காரணம் கேட்டால், "நீ ரொம்ப நல்லவன்" என்கிறாள். எளிதில் கிடைக்கும் ஆணைப் பெண்கள் மதிப்பதில்லை, கொஞ்சம் திமிராக இருப்பவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று என் அறை நண்பர் சொல்கிறார். இனி எந்தப் பெண்ணுக்கும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பதில் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானா? பெண்கள் யாராவது சொன்னால் நல்லது.

ஜூன் 9, இரவு 10.40

சரியில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியைப் பிரித்தெடுக்காமல் மொத்தத்தையும் தள்ளினால் நீங்கள் நாளையே அவரிடம் திரும்பிப் போய்விடுவீர்கள் என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு 39 வயது. மார்த்தாண்டம். குழித்துறை நிலையத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 11 ஆண்டுகள் தினமும் ரயிலில் போய்வந்து ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். எந்நேரமும் கிடைத்த ஓர் ஆணை விட்டு விலகியிருக்கிறேன். கிடைக்காத ஒருவரின் பின்னால் ஏறத்தாழ ஓராண்டு அலைந்திருக்கிறேன். காலை பத்தரை மணி வரை போனைத் தொடாத ஒருவரைத் திருமணம் செய்துகொண்டேன். மூன்றையும் சொன்னால்தான் நான் நினைப்பது விளங்கும். இன்று முதலாமவர் மட்டும்.

2010. எங்கள் கையில் வாட்ஸ்அப் இல்லை. குறுஞ்செய்தியும் மிஸ்டு காலும்தான். அவர் வேலை பார்த்த இடம் என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வீடு பேரூர்க்கடையில். காலையில் என் வண்டி திருவனந்தபுரம் நிலையம் இருக்கும் தம்பானூரில் வந்து நிற்கும்போது அவர் நடைமேடையில் இருப்பார். மாலையில் தன் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் என்னோடு நெய்யாற்றின்கரை வரை வந்து, இறங்கி, பஸ் பிடித்துத் திரும்புவார். முதல் மாதம் எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டியில் கூட வரும் பெண்கள், "நீ கொடுத்து வைத்தவள்" என்றார்கள். மூன்றாவது மாதத்தில், நேமம் தாண்டும்போதே வயிற்றில் ஒரு கனம் ஏறத் தொடங்கியது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னலோடு சேர்ந்து நடந்துகொண்டு அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் அன்று அவருக்கு நல்ல நாள். தலைவலியோடு இறங்கினால், "என்மேல் என்ன கோபம்?" என்று மாலை வரை கேட்பார். அவர் வந்து நின்றதற்கான கூலி என் முகத்தில் இருந்தது. எட்டு மாதம் அதை நான் தினமும் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அவர் எளிதில் கிடைத்தார் என்பதற்காக நான் விலகவில்லை. கிடைப்பது வேறு, காத்துக் கிடப்பது வேறு.

ஜூன் 11

அறை நண்பரின் சார்பாக ஓர் ஆராய்ச்சியை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். உண்மையான ஆராய்ச்சிதான், நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். 2011-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவிகள் 47 பேரிடம் நான்கு ஆண்களின் பேஸ்புக் பக்கங்களைக் காட்டினார்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்த இந்த ஆண்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது என்று சிலரிடம் சொன்னார்கள். சுமாராகப் பிடித்திருக்கிறது என்று சிலரிடம் சொன்னார்கள். மிகவும் பிடித்ததா சுமாராகப் பிடித்ததா என்பது இப்போது தெரியாது என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். தெரியாது என்று கேட்டவர்களுக்கே அந்த ஆண்கள்மேல் ஈர்ப்பு அதிகமாக இருந்தது. அவர்கள் அந்த ஆண்களைப் பற்றி அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள்.

உங்கள் நண்பர் இதோடு நிறுத்திக்கொண்டார். அதே ஆய்வில், மிகவும் பிடித்திருக்கிறது என்று கேட்டவர்கள், சுமார் என்று கேட்டவர்களைவிட அந்த ஆண்களை அதிகம் விரும்பினார்கள் என்பதும் இருக்கிறது. அதாவது ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் நமக்கும் அவரைப் பிடிக்கிறது என்ற பழைய உண்மை அங்கேயும் தப்பவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த மாணவிகள் அந்த ஆண்களைச் சந்திக்கவே இல்லை. பக்கத்தைப் பார்த்த சில நிமிடங்களின் மனநிலையை அது அளந்தது. நான்கு மாதம் பழகிய ஒருத்தியிடம் ஆறு மணி நேரம் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

எளிதில் கிடைக்காதவர் மேல்தான் ஆசை வரும் என்பதை 1973-லேயே வேறொரு குழு சோதித்தது. பெண்கள் எந்த ஆணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தபோது, எல்லோருக்கும் அரியவராகவும் தமக்கு மட்டும் எளியவராகவும் இருப்பவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஜூன் 12

நேற்று எழுதிய கடைசிப் பத்தியில் ஆணையும் பெண்ணையும் மாற்றி எழுதிவிட்டேன். மன்னிக்கவும். 1973 ஆய்வில் தேர்ந்தெடுத்தவர்கள் ஆண்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெண்கள். 'கிடைக்காத பெண்ணைத்தான் ஆண்களுக்குப் பிடிக்கும்' என்பதை நிறுவக் கிளம்பியவர்களின் சோதனைகள் அடுத்தடுத்துத் தோற்றன. மற்ற ஆண்களிடம் பிடிகொடுக்காமல் தன்னை மட்டும் விரும்புகிற பெண்ணையே ஆண்கள் விரும்பினார்கள் என்பது இறுதியில்தான் தெரியவந்தது. பெண்களுக்கு எப்படிப்பட்ட ஆணைப் பிடிக்கும் என்பதைப் பற்றி அது நேரடியாக எதையும் சொல்லவில்லை. ஆனாலும் 'எனக்கு எளிது, எல்லோருக்கும் எளிதில்லை' என்ற அந்தச் சேர்க்கை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பதால் அதை விடாமல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 15

இரண்டாமவர். இதை எழுத நான்கு நாள் தயங்கினேன்.

முதலாமவரிடமிருந்து விலகிய ஆறே மாதத்தில் அறிமுகமானார். நல்ல உயரம், நல்ல குரல், எங்கே போனாலும் தன் சொந்த இடம்போல நடப்பார். இரண்டு வாரம் தினமும் இரவு அழைத்தார். பிறகு பத்து நாள் சத்தமே இல்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. பதினோராவது நாள், ஒன்றுமே நடக்காததுபோல, "என்ன, சாப்பிட்டாயா?" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கக்கூட மறந்தேன். இப்படியே பதினொரு மாதம். குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோனேன். தோசை ஊற்றும்போது அடுப்பு மேடையில் வைத்திருப்பேன். ஒருமுறை மாவு தெறித்து அதன் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டன. எங்கள் அம்மா, "மக்களே, அந்த சாமானுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார். சீக்கு எனக்குத்தான்.

நெஞ்சு படபடத்ததை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன். இன்று பார்த்தால், அந்தப் பதினொரு மாதத்தில் அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது மிகக் குறைவு. நினைத்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். 47 மாணவிகள் சில நிமிடங்களில் அனுபவித்ததை நான் ஓராண்டு அனுபவித்தேன்.

அவருடைய தன்னம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல்முறை ஓட்டலில் உட்கார்ந்தபோது, என்னிடம் கேட்காமலேயே எனக்கும் சேர்த்து மசால் தோசை சொன்னார். எனக்கு ஆப்பம் வேண்டும் என்றிருந்தது. அன்று அதை ஆண்மை என்று ரசித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு யோசித்தபோதுதான், அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பது புரிந்தது. நாளை வருகிறாயா என்று கேட்டதில்லை. நாளை வா என்பார். கேட்காதவருக்கு 'இல்லை' என்ற பதில் வர வழியே இல்லை. வீட்டில் அவருக்குப் பெண் பார்த்து நாள் குறித்திருந்ததை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஜூன் 17

நெய்யாற்றின்கரையிலிருந்து எழுதும் பெண்மணி கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "முதலாமவர் எட்டு மாதம் உங்கள் பின்னால் வந்தார் என்கிறீர்கள். வர வேண்டாம் என்று ஒருநாளாவது சொன்னீர்களா?"

இல்லை. சொல்லவில்லை.

ஜூன் 17, பிற்பகல்

காலையில் ஒரு சொல்லோடு நிறுத்தியது நியாயமில்லை என்று தோன்றியதால் திரும்ப வருகிறேன். மழைநாளில் அவர் குடை எனக்குத் தேவையாக இருந்தது. கூட்ட நெரிசலில் அவர் பிடித்துவைக்கும் இடம் தேவையாக இருந்தது. ஒருநாள் நன்றாகப் பேசுவேன். மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டேன். அவர் வாடிப்போவதைப் பார்த்து இரக்கப்பட்டு நான்காம் நாள் மறுபடியும் சிரிப்பேன். அதாவது இரண்டாமவர் எனக்குச் செய்ததை நான் அதற்கு முன்பே முதலாமவருக்குச் செய்திருக்கிறேன். அவர் முகம் பார்த்துக் கிடந்ததில் அவருடைய இயல்பு பாதி என்றால், என் நிலையில்லாத பதில்கள் மறுபாதி. ஜூன் 9-இல் 'கூலி' என்று எழுதியபோது இந்தக் கணக்கை விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை. நான் அப்போது உணர்ந்தது அதுதான். ஆனால் அதை அவர்மீதான குற்றச்சாட்டாக யாரும் படிக்க வேண்டாம்.

தம்பி, உங்கள் தோழி உங்களிடம் எப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நிமிடத்தில் பதில் போடும் பழக்கம் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்ததா, அவள் பதில்கள் தாமதமாகத் தொடங்கிய பிறகு வந்ததா என்று பழைய செய்திகளைத் திறந்து பாருங்கள்.

ஜூன் 30

சிதறால் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: மருத்துவமனையில் இரவுப் பணி, பகலில் தூக்கம், பெண்கள் தன்னை அக்கறையில்லாதவன் என்கிறார்கள், எந்நேரமும் கிடைப்பது வசதியுள்ளவனுக்கு மட்டும் வாய்த்தது என்று. இதற்கு என் கணவரைத்தான் சொல்ல முடியும்.

அருமனை அருகே அவர்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம். ஆள் வைக்காமல் அவரே பால் வெட்டுகிறார். விடியற்காலை மூன்றரைக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஒவ்வொரு மரத்திலும் பழைய ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, பட்டையை நூல்போல ஒரு சீவு சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். வெட்டி முடித்து, பால் எடுத்து, அரித்து, தட்டுகளில் ஊற்றி ஆசிட் கலந்து வைக்கும்போது பத்து மணி தாண்டும். பால் பட்ட கையால் போனைத் தொட்டால் திரையெல்லாம் ஒட்டும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். கையைக் கழுவினாலும் விரலிடுக்கில் காய்ந்த பால் ரப்பர் நூலாக நிற்கும். பேசிக்கொண்டே அதை உரித்துக்கொண்டிருப்பார்.

பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சொன்னார்: "பத்தரை வரை என்னைக் கிடைக்காது. பத்தரைக்கு நான் விளிக்கேன்." பத்தரைக்கு அழைத்தார். மறுநாளும் அழைத்தார். ஒருநாள் பத்தே முக்காலுக்கு அழைத்து, தட்டு ஒன்று கவிழ்ந்துவிட்டது என்றார். நான் காலை முழுவதும் போனைப் பார்க்காமல் வேலை செய்யக் கற்றது அந்த ஆண்டில்தான். இரண்டாமவர் பத்து நாள் கிடைக்காதபோதும் நான் காத்திருந்தேன்; இவர் ஏழு மணி நேரம் கிடைக்காதபோதும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் உடல் மெலிந்தது. இந்தக் காத்திருப்பில் பத்து மணிக்கு மேல் எனக்கே ஒரு சிரிப்பு வரும்.

எனவே இரவுப் பணிக்காரருக்கு: எத்தனை மணிக்குக் கிடைப்பீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் கிடையுங்கள். நாளுக்கு அரை மணி நேரம் போதும். உங்களை அக்கறையில்லாதவர் என்று சொன்ன பெண்கள், உங்களுக்கு நேரமில்லை என்பதற்காகச் சொன்னார்களா, உங்கள் நேரம் எப்போது வரும் என்று தெரியாததால் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 3

ரப்பரைப் பற்றி எழுதியதும் ஒருவர் உவமையோடு வந்துவிட்டார். தினமும் வெட்டினால் மரத்தின் பட்டை மரத்துப் பால் நின்றுபோகும், அதனால்தான் ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுகிறார்கள், ஆணும் அப்படித்தான் ஒருநாள் விட்டுக் கிடைக்க வேண்டும் என்கிறார். கேட்க அழகாக இருந்ததால் கணவரிடம் படித்துக் காட்டினேன். மழையால் வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்தார். "நாள் விட்டு வெட்டுவது மரம் மறுபடி பால் ஊறுவதற்கு. மரம் கத்திக்கு ஏங்கட்டும் என்றா விடுகிறோம்?" என்றார். இடைவெளி யாருக்காக என்பதில்தான் அந்த உவமை தவறுகிறது என்று எனக்கும் படுகிறது. தனக்கென்று ஊற வேண்டியது ஊறுவதற்காக ஒருவர் விலகியிருக்கலாம். எதிரில் இருப்பவர் தவிக்கட்டும் என்பதற்காக விலகினால், எத்தனை மணி நேரம் ஆனது, அவள் பார்த்தாளா என்று அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆறு மணி நேரமும் அவர் காத்துக் கிடக்கத்தான் செய்கிறார்.

ஜூலை 21

தமிழ் படித்த நண்பர் ஒருவர் கலித்தொகையின் முல்லைக்கலியைக் காட்டுகிறார். கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்குலப் பெண் மறுபிறப்பிலும் தழுவமாட்டாள் என்று அங்கே இருப்பது உண்மை. தைரியத்தைத்தான் பெண் விரும்புகிறாள், அன்றும் அப்படித்தான் என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இளைஞனின் துணிவு காளையிடம் காட்டியது; அவளிடம் காட்டியதில்லை. காளையை அடக்கியவன் அவளையும் அடக்குவான் என்று அவள் நம்பி நிற்கவில்லை. அறை நண்பர் சொல்லும் திமிர் முழுக்க முழுக்கப் பெண்ணிடம் காட்டச் சொல்வது.

நம் இலக்கியத்தில் இதற்கு நேர் எதிரான ஆளும் இருக்கிறார். அவரை ஏனோ யாரும் இங்கே கொண்டுவரவில்லை. மடலேறுபவர். விரும்பிய பெண் கிடைக்காதபோது பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, அவள் ஊர் நடுவே வந்து நிற்பவர். என் வாழ்வையே உனக்குக் கொடுத்துவிட்டேன், என் மானத்தையும் கொடுத்துவிட்டேன், இனி மறுப்பாயா என்று ஊரைச் சாட்சி வைத்துக் கேட்கிறார். ஒரு மனிதர் இதைவிட எளிதாகக் கிடைக்க முடியாது. தொல்காப்பியம் ஏறிய மடலை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல், பொருந்தாத காதலுக்கான பெருந்திணையில் வைத்தது. நான் அந்த இலக்கணத்தை முறையாகப் படித்தவள் அல்ல. ஆயினும் அந்தப் பிரிவை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தம்பானூர் நடைமேடை நினைவுக்கு வருகிறது. தன்னை முழுவதுமாகக் கொடுப்பது ஓர் எல்லையைத் தாண்டும்போது அது அவள்மேல் வைக்கும் பாரமாகிறது. அவள் மறுக்கும் உரிமையை அது மெல்ல எடுத்துக்கொள்கிறது.

இங்கே படிக்கும் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணின் வண்டி நேரம் உங்களுக்குத் தெரியும் என்பது நடைமேடையில் நிற்பதற்கான அனுமதி ஆகாது. அவள் வாய் திறந்து வரச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. குழித்துறை வாவுபலி பொருட்காட்சிக்குப் போய்வந்தோம். நானும் கணவரும் முதன்முதலில் தனியாகப் பேசியது 2013-இல் அங்கேதான், மரக்கன்றுகள் விற்கும் வரிசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தேநீர்க் கடையில். அவருடைய தன்னம்பிக்கை பற்றி எழுதுவதை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று அதே வரிசையில் நடந்தபோது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அன்று அவர் கேட்டது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "நமக்கு இன்னொரு நாள் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் இப்பவே சொல்லிவிடுங்கள். நான் தப்பா எடுக்க மாட்டேன்." சொல்லும்போது கண்ணாடிக் கிளாஸைப் பிடித்திருந்த கை நடுங்கியது, தேநீர் தளும்பி அவர் கட்டைவிரலில் வழிந்தது, சூடு தாங்காமல் கிளாஸைக் கீழே வைத்தார். என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "சரி" என்றார். பிறகு பலாக்கன்று விலை கேட்கப் போனார், உண்மையிலேயே இரண்டு கன்று வாங்கினார். வழியில் ஒருமுறைகூட அந்தக் கேள்விக்குத் திரும்பவில்லை. எனக்கு அவரைப் பிடித்தது அந்தப் பலாக்கன்று பேரத்தின்போதுதான்.

நடுங்கும் கையைத் தன்னம்பிக்கை என்று எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். இரண்டாமவரின் கை ஒருபோதும் நடுங்கியதில்லை. அவர் இழக்கக்கூடிய எதையும் மேசைமேல் வைத்ததே இல்லை. இவர் வைத்தார், பயந்துகொண்டே வைத்தார், 'இல்லை' வந்தாலும் தன் வழியே வீட்டுக்குப் போய் மறுநாள் மூன்றரைக்கு எழுந்து பால் வெட்டுவார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தெரிதல்தான் என்னை அவர் பக்கம் சாய்த்தது. முதலாமவருக்கு நான் 'இல்லை' சொல்ல முடியாமல் போனதற்கும் காரணம் இதுவே: சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்று பயந்தேன்.

தன்னம்பிக்கை பிறவியிலேயே வருவது என்பவர்களுக்காக ஒன்று. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 350 இளைஞர்கள் 15 நிகழ்வுகளில் ஆளுக்குச் சில நிமிடங்கள் என்று மாறி மாறிச் சந்தித்தார்கள். வழக்கமாக இத்தகைய நிகழ்வில் பெண்கள் உட்கார்ந்திருக்க, ஆண்கள் எழுந்து அடுத்த மேசைக்குப் போவார்கள். இங்கே ஏறத்தாழப் பாதி நிகழ்வுகளில் ஆண்களை உட்காரவைத்துப் பெண்களை எழுந்து போகவைத்தார்கள். எழுந்து போனவர்கள், ஆணோ பெண்ணோ, தங்களுக்குத் தன்னம்பிக்கை கூடியதாகச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர்மேல் அவர்களுக்கு ஈர்ப்பும் கூடியது. பெண்கள்தான் அதிகம் பொறுக்கி எடுப்பார்கள் என்ற வழக்கமான வேறுபாடு, பெண்கள் எழுந்து போன நிகழ்வுகளில் காணாமல் போனது. நாற்காலியை விட்டு எழுந்ததே இவ்வளவு செய்திருக்கிறது.

ஆகஸ்ட் 5

"அப்படியானால் திமிர் எடுபடவே எடுபடாதா?" என்று கேட்டவருக்கு: தொடக்கத்தில் எடுபடும். எனக்கு எடுபட்டது. 2015-இல் வந்த ஓர் ஆய்விலும், தங்களை மிகையாக நம்புபவர்கள் எழுதிய அறிமுகக் குறிப்புகள் படிப்பவர்களுக்குத் தன்னம்பிக்கையாகவும் தெரிந்தன, ஆணவமாகவும் தெரிந்தன. முதலாவது கூட்டியதை இரண்டாவது கழித்துவிட்டது.

ஆகஸ்ட் 18

கேள்வி கேட்டவர் நீண்ட நாள் கழித்து வந்திருக்கிறார். அவர் ஒப்புக்கொண்ட இரண்டு செய்திகளை, அவர் அனுமதியோடு, இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டும் முதல் நாளே தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரித் தொடங்கியிருப்பேன்.

ஒன்று, ஆப்பில் எதிர்ப்பட்ட எல்லாப் பெண்களையும் பார்க்காமலேயே, பிடித்திருக்கிறது என்று வலப்பக்கம் தள்ளியிருக்கிறார். ஒரே முதல் வரியை இருபது பேருக்கு அனுப்பியிருக்கிறார். இவளும் அந்த இருபதில் ஒருத்தி. அது அவளுக்குப் பின்னால் தெரியவந்திருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆகஸ்ட் 4-இல் நான் சொன்னது போன்ற சில நிமிடச் சந்திப்புகளில் ஒன்றைக் கண்டார்கள். ஒருவரைக் குறிப்பாக விரும்பியவரை அந்த ஒருவரும் விரும்பினார். எல்லோரையும் விரும்பியவரை எதிரில் உட்கார்ந்தவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. வந்த சில நிமிடங்களிலேயே இது எப்படியோ வெளியே தெரிந்துவிடுகிறது. கழக்கூட்டத்தில் உங்கள் நேரம் முழுவதும் அவளுக்குத் திறந்திருந்தது உண்மை. ஆனால் அது அவளுக்காகத் திறந்ததா, யார் வந்தாலும் திறந்திருக்குமா என்ற ஐயம் அவளுக்கு இருந்திருக்கலாம். 'ரொம்ப நல்லவன்' என்ற சொல்லை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள்.

இரண்டாவது செய்திதான் என்னை நிறுத்தியது. அவர் சிங்காரி மேளக் குழுவில் செண்டை வாசிப்பவர். பத்தாம் வகுப்பிலிருந்து வாசிக்கிறாராம். சனிக்கிழமை ஊருக்குப் போனது அந்தப் பயிற்சிக்குத்தான். அவள் அவருக்கு அனுப்பிய முதல் சொந்த வரி, செண்டையோடு இருந்த படத்தைப் பார்த்துக் கேட்டது: "கை வலிக்காதா?" அவளோடு இருப்பதற்காகப் பிப்ரவரியில் பயிற்சியை நிறுத்தினார். கோவில் திருவிழாக்கள் வரிசையாக வரும் காலம் அது. ஆறு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டிருக்கிறார். கைத்தழும்பு மென்மையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, அவள் பார்த்துப் பிடித்துப்போன ஆளை நீங்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சனிக்கிழமையை வெறுமையாக்கி அவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வெறுமையை நிரப்பும் வேலை அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இதைப் படித்ததும் கோபம் வரவில்லை, கஷ்டமாக இருந்தது. நானும் இரண்டாமவருக்காகச் சர்ச் பாடகர் குழுவை விட்டவள்.

ஆகஸ்ட் 19

மேளத்துக்குத் திரும்பினால் அவளும் திரும்பி வருவாளா என்று கேட்கிறீர்கள். இல்லை, அவள் திரும்பி வருவாள் என்பதற்காக மேளத்துக்குப் போகச் சொல்லவில்லை. அப்படிப் போனால் அதுவும் ஆறு மணி நேரத் தாமதத்தின் இன்னொரு வடிவம்தான். குழுவில் உங்களைத் திரும்பச் சேர்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஆகஸ்ட் 27

நெய்யாற்றின்கரைப் பெண்மணிக்கு: முதலாமவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு பாறசாலை நிலையத்தில், எதிர்வண்டிக்காக எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தபோது, அவரைப் பார்த்தேன். கையில் குழந்தை. நான் கையசைத்தேன், அவரும் அசைத்தார். இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாம், நேரம் இருந்தது. போகவில்லை.

செப்டம்பர் 22

ஓணம் முடிந்து, கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிப் போடுகிறேன். குழுவில் சேர்த்துக்கொண்டார்களாம், முன்வரிசையில் இல்லை, பின்வரிசையில். ஓண வாரத்தில் நான்கு இடங்களில் வாசித்திருக்கிறார். ஓணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று பாறசாலை அருகே வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் அழைத்திருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குத்தான் பார்த்தாராம். பார்த்ததும், இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதாகவும், உடனே திரும்ப அழைத்ததாகவும் எழுதியிருக்கிறார். எங்கே இருந்தேன் என்று சொன்னார், ஏன் அழைத்தாய் என்று கேட்டார், சும்மாதான் என்றாள். பதினொரு நிமிடம் பேசியிருக்கிறார்கள். மறுபடி சந்திப்பதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, இவரும் அன்று கேட்கவில்லை. இந்த வாரம் கேட்கப் போகிறாராம். 'இல்லை' என்றாலும் இங்கே வந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலது கட்டைவிரலின் உள்பக்கம் கொப்புளம் உடைந்து, துணி சுற்றிக்கொண்டு வாசித்தாராம்.